தபால் அட்டையிலிருந்து வீடியோ கால் வரை: பெருந்தொற்றுக் காலத்தில் டிஜிட்டல் மருத்துவம் என்ன செய்தது?

[திரையில்: பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் வரைபடம். வேலூர், ஆம்பூர், ஆரணி, திருவண்ணாமலை, அரக்கோணம் என ஊர்ப்பெயர்கள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன.]

வணக்கம். கொரோனா காலத்தில் செல்போனும் இணையமும் சிகிச்சைக்கு எப்படிக் கைகொடுத்தன, எங்கே கைவிட்டன என்று இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம். கதையை 2020-ல் தொடங்கினால் பாதிதான் புரியும். 1980களுக்குப் போகவேண்டும். வெகுதூரம் போகவேண்டாம், நம் வட ஆற்காடு மாவட்டத்துக்குப் போனாலே போதும்.

இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை எல்லாம் அப்போது ஒரே மாவட்டம். வேலூர் சி.எம்.சி. என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வைரஸ் நோய் ஆய்வுக்கூடத்தை உருவாக்கிய டாக்டர் ஜேக்கப் ஜானும் அவருடன் இருந்தவர்களும் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். காலரா, தட்டம்மை, மூளைக்காய்ச்சல் போன்ற பரவும் நோயோடு ஒருவர் வந்தால், டாக்டர் அதை ஓர் அட்டையில் குறித்துத் தபாலில் போட்டுவிட வேண்டும். அரசு மருத்துவமனை டாக்டர் மட்டுமல்ல, தனியார் மருத்துவமனை டாக்டரும். வந்த அட்டைகளை ஒரே இடத்தில் சேர்த்து, எந்த ஊர்ப் பக்கம் எந்த நோய் கூடுகிறது என்று பார்ப்பார்கள். சுகாதாரத் துறைக்குச் சொல்வார்கள்.

[திரையில்: ஒரு தபால் அட்டை, அதில் நோயின் பெயர், ஊர், வயது என்ற கட்டங்கள்.]

இதில் என் மனதில் நிற்பது அடுத்த பகுதி. மாதந்தோறும் ஒரு செய்தி மடல் அச்சிட்டு, அட்டை போட்ட டாக்டர்களுக்கே அனுப்பினார்கள். நாம் எழுதியதை யாரோ படிக்கிறார்கள், அதை வைத்து ஏதோ நடக்கிறது என்று ஒரு டாக்டருக்குத் தெரிந்தால்தான் அடுத்த அட்டையும் வரும். வளரும் நாடுகளுக்கு இது ஒரு முன்மாதிரி என்று 1998-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. கம்ப்யூட்டர் இல்லை, இணையம் இல்லை. தகவல் போனது, பதில் வந்தது.

இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொரோனாவில் நாம் பார்த்த ஒவ்வொரு செயலியையும் இதை வைத்தே பார்க்கலாம்: தகவல் எவ்வளவு சீக்கிரம் போனது? மறுமுனையிலிருந்து யார், எப்போது, என்ன செய்தார்கள்?

[திரையில்: 25 மார்ச் 2020 என்ற தேதி. காட்பாடி ரயில் நிலையத்தின் காலியான நடைமேடை.]

2020 மார்ச் 25. நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கிய நாள். அதே நாளில் மத்திய அரசு, தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அதுவரை போனில் நோயாளியைப் பார்த்து மருந்து எழுதிக்கொடுப்பது சட்டப்படி சரியா, தவறா என்ற தயக்கம் டாக்டர்களுக்கு இருந்தது. அன்றோடு அது தெளிவானது. பதிவு பெற்ற டாக்டர் வீடியோவிலோ, குரல் அழைப்பிலோ, எழுத்திலோ ஆலோசனை சொல்லலாம். ஆனால் எல்லா மருந்தையும் எழுத முடியாது. முதல் முறை பேசும் நோயாளிக்குச் சில மருந்துகளை வீடியோவில் பார்த்த பிறகே எழுதலாம். ஏற்கெனவே நேரில் பார்த்த நோயாளி என்றால் கூடுதலாகச் சில. போதைக்கு அடிமையாக்கக்கூடிய மருந்துகள் எந்த நிலையிலும் கூடாது. நேரில் வந்தால்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் நினைத்தால், அப்படியே சொல்லிவிட வேண்டும்.

வேலூருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், பீகார், அசாம், திரிபுரா, வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ சி.எம்.சி.யில் சிகிச்சை பெறக் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் கடைக்காரர்களே வங்காள மொழியும் இந்தியும் பேசுவார்கள். ரயில் நின்றபோது வந்தவர்கள் லாட்ஜ்களில் சிக்கிக்கொண்டார்கள். கையில் இருந்த காசு கரைந்தது. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஊரில் இருந்துகொண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டவேண்டிய புற்றுநோயாளிகள், சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், வலிப்பு நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள். இவர்களுக்குக் கொரோனா வரவே வேண்டாம், மாத்திரை நின்றாலே உயிருக்கு ஆபத்து. பெருந்தொற்றில் இப்படிப்பட்டவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறார்கள். தொலைமருத்துவம் செய்த பெரிய உபகாரம் இவர்களுக்குத்தான் என்பேன். ரத்தப் பரிசோதனையை ஊரிலேயே செய்து, முடிவைப் போனில் அனுப்பி, பழைய டாக்டரிடமே பேசி, மருந்தின் அளவை மாற்றிக்கொள்ள ஒரு வழி கிடைத்தது.

[திரையில்: இ-சஞ்சீவனி தளத்தின் படிகள். செல்போன் எண், ஓடிபி, டோக்கன், காத்திருப்பு, டாக்டர்.]

2020 ஏப்ரலில் மத்திய அரசின் 'இ-சஞ்சீவனி' வீட்டிலிருந்தே டாக்டரைப் பார்க்கும் சேவையைத் தொடங்கியது. செல்போன் எண்ணைக் கொடுத்தால் ஓடிபி வரும், டோக்கன் கிடைக்கும், வரிசை வந்ததும் டாக்டர் திரையில் வருவார். முடிந்ததும் மருந்துச் சீட்டு போனுக்கே வந்துவிடும். கட்டணம் கிடையாது. இதை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடும் முன்வரிசையில் இருந்தது.

இதே இ-சஞ்சீவனிக்கு இன்னொரு வடிவம் உண்டு. பலருக்கு அது தெரியாது. கிராமத்தில் உள்ள சுகாதார நிலையத்துக்கு நோயாளி போவார். அங்கே இருக்கும் செவிலியரோ சுகாதாரப் பணியாளரோ ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துவிட்டு, தானே வீடியோவில் டாக்டரை அழைப்பார். இரண்டில் எனக்கு இதுதான் பிடித்தது. எழுபது வயதுப் பாட்டி "நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு" என்று சொன்னால், அது வலியா, படபடப்பா, வாயுவா என்று திரைக்கு அந்தப்பக்கம் இருக்கும் டாக்டருக்கு எப்படிப் புரியும்? பக்கத்தில் உட்கார்ந்து நாடி பிடித்த நர்ஸம்மாதான் அதைச் சொல்ல முடியும். ஜவ்வாது மலைக் கிராமங்களைப் போலச் சாலையே சரியில்லாத இடங்களில் வீடியோ காலுக்கு சிக்னலை எதிர்பார்க்க முடியாது. ஆளுக்கொரு போன் வேண்டியதில்லை, சுகாதார நிலையத்தில் ஒரு நல்ல இணைப்பும் பொறுப்பான ஓர் ஆளும் இருந்தால் ஊருக்கே போதும்.

[திரையில்: விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர். உள்ளே சிவப்பு ஒளி விரலைக் கடக்கும் வரைபடம்.]

சரி, இப்போது ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் ஒரு சிறு கருவி. பல்ஸ் ஆக்சிமீட்டர். கொரோனாவில் எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய பொருள் இது, கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

இந்தக் கருவி விரலுக்குள் இரண்டு ஒளிகளைப் பாய்ச்சுகிறது. ஒன்று நம் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு, மற்றது தெரியாத அகச்சிவப்பு. ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும், சிவப்பைக் கடக்கவிடும். ஆக்சிஜன் இழந்த ரத்தம் இதற்கு நேர்மாறு. மறுபக்கம் எவ்வளவு ஒளி வந்து சேர்ந்தது என்பதை வைத்துக் கருவி கணக்குப் போடுகிறது. நாடித் துடிப்போடு சேர்ந்து மாறும் ஒளியை மட்டும் அது எடுத்துக்கொள்வதால் தமனி ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனின் அளவு கிடைக்கிறது.

கொரோனாவில் இது ஏன் அவ்வளவு முக்கியமானது? நோயாளி நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார், எழுந்து நடப்பார், மூச்சு வாங்குவதாகச் சொல்லவே மாட்டார். ஆக்சிஜன் மட்டும் 85 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும். டாக்டர்களையே திகைக்கவைத்த விஷயம் இது. அதனால்தான் வீட்டுத் தனிமையில் இருந்தவர்களுக்கு ஆக்சிமீட்டர் கொடுத்து, தினமும் போனில் அழைத்து அளவு கேட்டார்கள். 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி. உட்கார்ந்திருக்கும்போது சரியாக இருந்தாலும், ஆறு நிமிடம் நடந்த பிறகு பார்த்தால் சிலருக்குச் சட்டென்று இறங்கும். அதுவும் எச்சரிக்கைதான்.

இதிலும் குறை உண்டு. நகப்பூச்சு, ஜில்லிட்ட விரல், நடுங்கும் கை எல்லாம் அளவைக் கெடுக்கும். மருதாணி அடர்த்தியாக இட்ட விரலையும் தவிர்ப்பது நல்லது. எண் நிலைக்க ஒரு நிமிடமாவது பொறுக்கவேண்டும். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றை 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். கருமையான தோல் உள்ளவர்களுக்கு இந்தக் கருவி உண்மையில் இருப்பதைவிட அதிகமாகக் காட்டிவிடலாம். ஆக்சிஜன் குறைந்திருந்தும் 'பரவாயில்லை' என்று காட்டும் நிலை, கறுப்பின நோயாளிகளுக்கு வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் இருந்தது. நம் ஊர்த் தோலின் நிறத்தை நினைத்துப் பார்த்தால் இது நமக்கும் பட்ட விஷயம். ஆகவே எண் 95 என்று காட்டினாலும் மூச்சு திணறினால், உதடு நீலம் பாரித்தால், எண்ணை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

[திரையில்: 2021 மே. படுக்கை நிலவரப் பட்டியல். பச்சை, சிவப்புக் கட்டங்கள்.]

இரண்டாம் அலை. 2021 மே மாதத்தில் சென்னையில் ஓர் ஒருங்கிணைந்த கட்டளை மையம் அமைத்தார்கள். 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்கு அழைத்தாலோ, சமூக வலைத்தளத்தில் கேட்டாலோ, எந்த ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் படுக்கை இருக்கிறது என்று பார்த்துச் சொன்னார்கள். படுக்கை நிலவரம் இணையத்திலும் தெரிந்தது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேலூர்க்காரர் வீட்டிலிருந்தே முயன்று பார்க்க முடிந்தது. ஆனால் அந்த எண் எங்கிருந்து வருகிறது? நடுராத்திரி வார்டில் ஒரு நோயாளியை அனுமதித்துவிட்டு, அந்த நெருக்கடியிலும் ஒருவர் உட்கார்ந்து பதிவு செய்தால்தான் வரும். அவர் ஒரு மணி நேரம் தாமதித்தால், இல்லாத படுக்கையைத் தேடி ஆம்புலன்ஸ் ஓடும். அந்த நாட்களில் கணினி முன் உட்கார்ந்து எண்களைச் சரியாக வைத்திருந்த ஊழியர்களை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. பேசவேண்டும்.

'ஆரோக்கிய சேது' பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 ஏப்ரல் 2-ல் வந்த மத்திய அரசின் செயலி அது. ப்ளூடூத் மூலம் பக்கத்தில் இருந்த போன்களைக் குறித்துவைத்தது, அந்தப் போன்களை வைத்திருந்தவர்களில் யாருக்காவது தொற்று உறுதியானால் எச்சரித்தது. கருத்து நல்லதுதான். ஆனால் சுவருக்கு அந்தப்பக்கம் இருப்பவரும் ப்ளூடூத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்தான். பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு 1921 என்ற எண் தந்தார்கள், ப்ளூடூத் வேலை அதில் நடக்காது. நம் ஊரில் அதைவிடப் பலன் தந்தது, தெருத்தெருவாக நடந்த காய்ச்சல் முகாம்.

[திரையில்: தடுப்பூசிக் குளிர்பெட்டி. பக்கத்தில் வெப்பநிலை காட்டும் சிறு கருவி.]

அடுத்து தடுப்பூசி. 'கோவின்' எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பின்னால், தடுப்பூசிக் குளிர்பெட்டிகளின் வெப்பநிலையைக் கண்காணித்த 'ஈ-வின்' பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டையும் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கவேண்டும். குளிர்பெட்டிக்குள் இருக்கும் உணர்கருவி வெப்பநிலையைக் கவனித்தபடி இருக்கும். அதில் ஒரு சிம் கார்டு. கரண்ட் போய்ச் சூடு ஏறினால் பொறுப்பாளர் போனுக்கு எச்சரிக்கை வந்துவிடும். அவர் ஓடிப்போய்ப் பார்ப்பார். கொரோனாவுக்கு முன்பே குழந்தைகள் தடுப்பூசிக்காகப் போட்ட ஏற்பாடு இது. அதனால்தான் அவசரத்தில் உடனே கைகொடுத்தது.

கோவினில் நமக்கு வலித்த இடம் 2021 மே. 18 முதல் 44 வயது வரை உள்ளவர்கள் இணையத்தில் முன்பதிவு செய்தே ஆகவேண்டும் என்றார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் செருப்பு, தோல் தொழிற்சாலைகளுக்குப் போகும் பெண்களை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்கு ஒரு போன், அது கணவர் கையிலோ மகன் கையிலோ. இடம் திறந்த சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஷிஃப்டில் இருக்கும் பெண் எப்படிப் பிடிப்பாள்? இது சின்ன இடைஞ்சல் என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். நோய் அதிகம் தாக்கக்கூடிய இடத்தில் வேலை செய்பவரைத் தடுப்பூசி வரிசையில் கடைசிக்குத் தள்ளிய விதி அது. மே 24 முதல் அரசு மையங்களில் நேரில் வந்தும் பதிவு செய்யலாம் என்று மாற்றினார்கள். அந்த மாதக் கடைசியில் உச்ச நீதிமன்றமும் இணைய வசதி இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டது. அப்புறம்தான் முகாம்கள் ஊருக்குள் வந்தன, பதிவை மேசையில் இருந்த பணியாளரே செய்தார்.

[திரையில்: வீட்டு வாசலில் ரத்த அழுத்தம் பார்க்கும் பெண் பணியாளர், கையில் போன்.]

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்தப் பாடத்திலிருந்து சரியான திசையில் போனது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது, விவரத்தைப் பணியாளர் தன் போனில் பதிகிறார். நோயாளியிடம் போன் இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. இந்தப் பதிவுகள் நம் உடம்பின் அந்தரங்கம். ஓடிபி கேட்டால் எதற்கு என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு, கேளுங்கள்.

இ-சஞ்சீவனி கொரோனாவோடு முடிந்துபோகவில்லை. மழைக்காலத்தில் டெங்குக் காய்ச்சல் வரும்போதும் பயன்படும். உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் வீடியோவில் டாக்டரிடம் பேசும் வசதி எந்த நேரத்தில் இருக்கிறது என்று இப்போதே விசாரித்து வையுங்கள். பேசப்போகும்போது பழைய மருந்துச் சீட்டையும், சாப்பிடும் மாத்திரையின் அட்டையையும் கையில் வைத்திருங்கள். மாத்திரைப் பெயர் வாயில் வராவிட்டால் அட்டையைக் கேமரா முன் காட்டினால் போதும். ஒத்துக்கொள்ளாத மருந்து எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். காது சரியாகக் கேட்காத பெரியவர் என்றால் வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருங்கள். ஆனால் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் விழுந்துபோவது, சுயநினைவு தப்புவது, பாம்புக்கடி, இதில் எதுவாக இருந்தாலும் டோக்கன் எடுத்துக் காத்திருக்காதீர்கள். உடனே 108.