புதிய பர்லெஸ்க் பழையதன் வாரிசே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பாட்டுக்கு ஆடிக்கொண்டே, கேலியும் கிண்டலுமாக ஆடைகளை ஒவ்வொன்றாகக் களையும் மேடைக்கலைதான் பர்லெஸ்க். மேலைநாடுகளில் இன்று மீண்டெழுந்திருக்கும் அது, பழைய கலையின் வாரிசா, வெறும் வேடமா? இதுதான் தலைப்பு. பழையதில் கேலி இருந்தது, இப்போது இறகும் ஜிகினாவும்தான் மிச்சம் என்றார் எதிரணி நண்பர்.

கேலி இருந்தது, யார் இல்லையென்றது? 1868இல் லண்டனிலிருந்து லிடியா தாம்ப்சன் குழுவோடு நியூயார்க்கில் இறங்கி, 'இக்சியான்' என்ற கிரேக்கப் புராண நையாண்டியை ஆடினார். ஆண் வேடங்களையும் பெண்களே, கால்வடிவம் தெரியும் இறுக்கமான உடையில் போட்டார்கள். பத்திரிகைகள் திட்டின, கூட்டம் அலைமோதியது. ஆடை களைதல் பிற்பாடு வந்து சேர்ந்தது. 1937இலோ நியூயார்க் நகர நிர்வாகம் பர்லெஸ்க் அரங்குகளின் உரிமங்களைப் புதுப்பிக்க மறுத்தது. கழுத்தை நெரித்துவிட்டு, ஏன் மூச்சு விடவில்லை என்று கேட்கலாமா?

அதற்குப் பிறகும் சரடு அறுபடவில்லை. ஆட்டக்காரர் ஜென்னி லீ சேர்த்துவைத்த உடைகளையும் படங்களையும், 1990இல் அவர் மறைந்தபின், டிக்சி எவன்ஸ் காப்பாற்றினார். இடம், கலிஃபோர்னியப் பாலைவனத்து ஹெலன்டேலில் ஒரு பழைய ஆட்டுப்பண்ணை! மேடையில் மர்லின் மன்றோவைப் போலச் செய்தே பெயர் வாங்கியவர் இந்த டிக்சி. அங்கே அவர் நடத்திய பர்லெஸ்க் போட்டிக்கு இளையவர்கள் வந்தார்கள். மூத்த ஆட்டக்காரர்களை நேரில் பார்த்தார்கள்.

வேடம் என்கிறார்களே, முழங்கைக்கு மேல் ஏறும் ஒரு சாட்டின் கையுறையைக் கழற்றிக் காட்டட்டும். மேல்விளிம்பை முதலில் மணிக்கட்டுவரை இறக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு விரல்நுனியாக இழுத்துத் தளர்த்த வேண்டும். கடைசியில்தான் நடுவிரலைப் பிடித்து ஒரே உருவு. விரல்களைத் தளர்த்தாமல் இழுத்தால், வியர்த்த உள்ளங்கையில் துணி ஒட்டிக்கொண்டு உள்வெளியாகப் புரண்டு சிக்கும். பாட்டோ நாலைந்து நிமிடம். கையுறையில் போன நேரத்தை மற்ற ஆடைகளில் ஓடித்தான் ஈடுகட்ட வேண்டும். இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் கோர்செட் என்ற உள்கச்சை இன்னும் பொல்லாதது. முன்கொக்கிகளைக் கழற்ற இரு விளிம்பையும் உள்நோக்கி நெருக்க வேண்டும். பின்கயிற்றை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தால் அவை அசையவே அசையாது.

தேர்ந்தவர் அப்போது பதறுவதில்லை. சிக்கிய கையுறையைப் பல்லால் கவ்வி, முன்வரிசையைப் பார்த்துக் கண்சிமிட்டி, அந்தச் சிக்கலையே வேடிக்கையாக்குவார்; அரங்கு சிரிக்கும். கேலி எங்கே என்று கேட்ட நண்பரே, அந்தச் சிரிப்பை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?