தீனியை நிறுத்துவோம், துப்பாக்கி தேவைப்படாது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையோரே, வணக்கம். "ஊருக்குள் வரும் கயோட்டிகளை அகற்ற வேண்டுமா, அவற்றோடு ஒத்து வாழ வேண்டுமா?" இதுதான் தலைப்பு. கயோட்டி என்பது ஓநாய்க்குச் சொந்தமான, நாய் போலிருக்கும் வட அமெரிக்கக் காட்டு விலங்கு. ஒத்து வாழலாம் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அக்கா, 2024 ஜூனில் சான் ஃபிரான்சிஸ்கோ தாவரவியல் பூங்காவில் 5 வயதுக் குழந்தையைக் கயோட்டி கடித்ததைச் சொன்னார்கள். நடந்ததுதான். பிள்ளை பெற்ற யாருக்கும் வயிறு கலங்கும். அதற்காக அங்கே மூன்று கயோட்டிகளைச் சுட்டார்கள், ஆளைக் கடித்த விலங்கை விட்டுவைக்கச் சொல்லி நானும் வாதாடப் போவதில்லை. ஆனால் அக்கா அதோடு நிற்காமல், "அப்போ ஊரில் இருக்கிற எல்லாவற்றையும் பிடித்துவிட வேண்டியதுதானே" என்றார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பிடித்தால் தீருமா? அமெரிக்க மத்திய அரசின் வனவிலங்குக் கட்டுப்பாட்டுப் பிரிவான வைல்ட்லைஃப் சர்வீசஸ் ஆண்டுக்குச் சுமார் 60,000 கயோட்டிகளைக் கொல்கிறது. விஷம், பொறி, துப்பாக்கி என்று நூறு வருஷத்துக்கு மேல் எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது, அப்படியும் இன்றைக்கு ஹவாய் தவிர எல்லா மாநிலத்திலும் கயோட்டி இருக்கிறது. ஒரு கூட்டத்தில் பெரும்பாலும் ஒரு ஜோடிதான் குட்டி போடும். அந்த ஜோடியைக் கொன்றால் கூட்டம் சிதறி, அதுவரை சும்மா இருந்த இளம் பெண் கயோட்டிகளும் குட்டி போட ஆரம்பிக்கும், மிஞ்சியவற்றுக்கு இரை தாராளமாகக் கிடைப்பதால் குட்டிகளும் நிறையப் பிழைக்கும். காலியான இடத்துக்கு வெளியிலிருந்து இன்னொன்று வந்து சேரும். சரி, பிடித்துக் காட்டில் விடலாமே என்றால், கலிஃபோர்னியாவில் அனுமதியில்லாமல் அப்படிச் செய்வது சட்டப்படி தப்பு.

சிகாகோவைப் பாருங்கள். 2000இலிருந்து வனவிலங்கு ஆய்வாளர் ஸ்டான்லி கெர்ட் குழுவினர் கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி அங்குள்ள கயோட்டிகளைப் பின்தொடர்கிறார்கள். அவை என்ன தின்கின்றன என்று அறிய எச்சத்தை ஆராய்ந்ததில் அதிகம் இருந்தது எலி வகைகள்தான், பூனை 2 சதவீதம்கூட இல்லை. 236 கயோட்டிகளின் மரபணுவைப் பார்த்ததில், ஜோடி உயிரோடு இருக்கும்போது வேறு துணை தேடியதற்கு ஒரு தடயமும் இல்லை. அவ்வளவு கட்டுக்கோப்பாக, பெரும்பாலும் ராத்திரியில் நம் கண்ணில் படாமலே பிழைக்கிற ஜீவன் இது.

அது கெட்டுப்போவது நம்மால்தான். கனடாவின் வான்கூவர் நகரத்து ஸ்டான்லி பூங்காவில் 2020 கடைசியில் தொடங்கி ஒன்பது மாதத்துக்குள் 40க்கும் மேற்பட்டோர் கடிபட்டார்கள். ஆட்கள் தீனி போட்டுப் போட்டே அவற்றுக்கு மனித பயம் விட்டுப்போயிருந்தது. போட்டோ எடுக்க ஆசைப்பட்டு இறைச்சித் துண்டை நீட்டுகிறவர் வீட்டுக்குப் போய்விடுவார், குண்டடி படுவது அந்த வாயில்லா ஜீவன். எனக்குக் கோபம் வருவதே இதில்தான்.

நம் வீட்டுப் பின்பக்கத்தையே பார்ப்போம். மரத்தடியில் உதிர்ந்து கிடக்கிற அத்திப்பழம், பூனைக்கு வைத்த தட்டு, காக்காய்க்கு வைக்கிற சோறு (அதை வைக்காதே என்று நம் அம்மாக்களிடம் சொல்வது கஷ்டம்தான், ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும்), இவற்றுக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் கயோட்டி வரும். எல்லாவற்றையும் பொழுது சாயும் முன்னே எடுத்துவிடுங்கள். நாயை நீளமில்லாத கயிற்றில் பிடித்து நடத்துங்கள். கயோட்டி எதிரே வந்தால் ஓடாதீர்கள், ஓடினால் துரத்தும். கையை உயரத் தூக்கி, உரக்கக் கத்துங்கள், காலி கோக் கேனில் நாலு சில்லறையைப் போட்டுக் குலுக்கினாலே போதும். பத்தடி போய் நின்று திரும்பிப் பார்க்கும், அப்போது நிறுத்திவிடாதீர்கள், கண்ணில் படாத தூரம் போகும் வரை விரட்டுங்கள். வசந்தத்திலும் கோடையிலும் குட்டிகள் இருக்கிற வளைப் பக்கம் மட்டும் விரட்டாமல், முகத்தைப் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்கி வேறு பாதையில் போய்விடுங்கள்.

எதிரணித் தலைவர் அடுத்து பேச வருகிறார். அவரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: இருப்பதை எல்லாம் பிடித்தாயிற்று, தீனி அப்படியே கிடக்கிறது, அடுத்த மாதம் புதிதாக ஒரு ஜோடி வந்து நிற்கிறது. அதை என்ன செய்வீர்கள்? நன்றி, வணக்கம்.