பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தவர்

நேயர்களுக்கு வணக்கம். பாலக்கோட்டுப் பக்கம் தக்காளிக் காட்டிலிருந்து திரும்பி, இந்நேரம் அடுப்பில் களி கிண்டிக்கொண்டே கேட்கிறவர்கள் இருப்பீர்கள். வீட்டுப் பிள்ளைகள் தட்டோடு காத்திருப்பார்கள். அந்தத் தட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப அதற்கு வருவேன்.

நான் தச்சுவேலை சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். 500 ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில் வாழ்ந்த ஒருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெயர் ஜெரோம் எமிலியானி. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குப் பாதுகாவலர் என்று 1928இல் திருச்சபை அறிவித்த புனிதர். பிப்ரவரி 8 அவருடைய திருநாள்.

1486இல் வெனிஸ் நகரத்துப் பெரிய குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே அப்பா போய்விட்டார். வளர்ந்து படைவீரரானார், கோபக்காரராகவும் இருந்தார். 1511இல் ஒரு கோட்டையைக் காத்து நின்றபோது எதிரிகளிடம் பிடிபட்டு, விலங்கு பூட்டப்பட்டு ஒரு மாதம் சிறையில் கிடந்தார். தன்னை விடுவித்தது மாதாதான் என்று நம்பினார். திரெவீசோ ஊர் மாதா கோயிலுக்குப் போய் அந்த விலங்குகளை அங்கேயே காணிக்கையாக வைத்தார். பிறகு இறந்துபோன அண்ணனுடைய பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாக வளர்த்தார். நம் ஊரில் சித்தப்பா செய்கிற கடமை, அவ்வளவுதான் என்று தோன்றும். பெரிய வேலை அதற்குப் பிறகுதான் வந்தது.

1528இல் பஞ்சம். கிராமத்துச் சனங்கள் வெனிஸுக்குள் வந்து தெருவில் விழுந்தார்கள். பின்னாலேயே கொள்ளைநோய். கையிலிருந்த பணத்தைக் கொடுத்தார், வீட்டுப் பொருள்களை விற்றுக் கொடுத்தார், இரவில் பிணங்களை எடுத்து அடக்கம் செய்தார். நோய் அவரையும் பிடித்தது, பிழைத்துக்கொண்டார். தெருவில் நின்ற பிள்ளைகளைச் சேர்த்து ஒரு வீடு பிடித்தார். 1531இல் குடும்பச் சொத்துக் கணக்கை அண்ணன் மகனிடம் ஒப்படைத்து, முரட்டுத் துணி உடுத்திக்கொண்டு அந்தப் பிள்ளைகளோடு குடியேறினார். குடியேறினார் என்று சொல்கிறேன். வாரம் ஒரு தடவை வந்து பார்த்துப் போகவில்லை. அவர்கள் சாப்பிட்டதையே சாப்பிட்டார்.

இந்த இடத்தில் என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு ஒன்பது வயதில் அப்பா இறந்தார். அம்மா பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்குப் போனார். என்னைக் கன்னியர்கள் நடத்திய ஒரு இல்லத்தில் விட்டார்கள். முதல் ராத்திரி எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான் தட்டைத் தொடவில்லை. யாரும் என்னை அதட்டவில்லை. வயதான மதர் ஒருவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவர் கையிலும் அதே அலுமினியத் தட்டு, அதே களி, அதே கீரைக் குழம்பு. ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பாட்டுக்குப் பிட்டு நனைத்துச் சாப்பிட்டார். நாலாவது உருண்டையில் நானும் கை வைத்தேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் என்னை "அநாதைப் பையன்" என்று கூப்பிட்டார்கள். அந்த வார்த்தை இன்றைக்கும் எனக்கு ஆகாது, நேயர்களே. பெயர் இருக்கிற பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பல வருடம் கழித்து ஜெரோமின் வரலாற்றைப் படித்தபோது எனக்கு அந்த மதருடைய தட்டுதான் கண்ணில் நின்றது.

அடுத்தது தொழில். ஜெரோம் கைவினைஞர்களைக் கூலி கொடுத்து அழைத்து வந்து பிள்ளைகளுக்குத் தொழில் பழக்கினார். கம்பளி வேலை, சின்ன இரும்பு ஆணி அடிக்கிற வேலை. கூடவே எழுத்து, செபம். பெர்கமோ பக்கம் போனபோது விவசாயிகளோடு வயலில் இறங்கிக் கதிர் அறுத்துக்கொண்டே மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தார் என்பார்கள். கேழ்வரகு அறுத்தவர்களுக்குத் தெரியும், குனிந்த முதுகோடு பாடம் நடத்துவது லேசில்லை. எங்கள் பட்டறையில் ஒரு பிள்ளை முதல் முக்காலியைச் செய்து முடித்ததும் அதில் தானே ஏறி உட்கார்ந்து பார்க்கும். ஒரு கால் ஆடும். இழைத்துச் சரிசெய்து மறுபடி உட்காரும். இரண்டாம் தடவை உட்காரும்போது முகம் வேறாக இருக்கும்.

இதையெல்லாம் செய்தவர் குருப்பட்டம் வாங்கியவர் இல்லை, கடைசிவரை பொதுநிலையினர்தான். அவரோடு சேர்ந்தவர்கள் சோமாஸ்கா என்ற சின்ன ஊரில் தங்கினார்கள், அவர்களுடைய துறவற சபைக்கும் அந்தப் பெயரே நிலைத்தது. கொள்ளைநோயாளிகளைப் பார்த்துக்கொண்டே 1537இல் அதே நோயில் அங்கேயே இறந்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடந்தானாம். நம் மாவட்டத்தைப் பற்றி நிறைய எழுதி வைத்திருந்தேன். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் அரசு தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் வந்தது, அதில் பிழைத்த பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். 18 வயது முடிந்து இல்லத்தை விட்டு வெளியே வருகிற பிள்ளைக்கு 21 வயது வரை பின்பராமரிப்பு, அதாவது வெளியே வந்த பிறகும் உதவி, கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, இது பல பிள்ளைகளுக்குத் தெரியாது. ஓசூர், பெங்களூர் வேலைக்குப் போனவர்கள் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போன பிள்ளைகள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள். ஆதரவில்லாத பிள்ளையைப் பார்த்தால் 1098க்குப் போன் போடுங்கள், காசு பிடிக்காது. ஒன்று, பூச்சியம், ஒன்பது, எட்டு. வணக்கம்.