எக்ஸ்95ஆ, ஏ.யூ.ஜி.யா? வாங்கிய பிறகு தெரியவரும் வித்தியாசம்

[திரையில்: இரண்டு துவக்குகளும் மேசையில், ரவைக்கூடு கழற்றியபடி]

வணக்கம். மலையகத்தில் துவக்கு என்றால், மரக்கறித் தோட்டத்தில் பன்றி விரட்ட அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருக்கும் பன்னிரண்டு போர் (12-bore) துவக்குதான் பலருக்கும் நினைவில் வரும். இன்றைய எக்ஸ்95, ஏ.யூ.ஜி. இரண்டும் வேறு ரகம், புல்பப் அமைப்பிலான இராணுவத் துவக்குகள். தோட்டத்துக்காரருக்கு இங்கே அனுமதி கிடைக்கும் ஆயுதங்கள் அல்ல. அமெரிக்காவில் பொதுமக்களுக்கு விற்கும் வகையை, அதாவது ஓர் இழுப்புக்கு ஒரு ரவை மட்டும் சுடுவதை வைத்தே பேசுகிறோம்.

புல்பப் என்றால் ரவைக்கூடும் சுடும் பொறியும் விசைக்குப் பின்னால், சோங்குக்குள் இருக்கும். குழலின் நீளம் குறையாது, துவக்கு மட்டும் குட்டையாகும். எக்ஸ்95இல் குழல் 419 மில்லிமீற்றர், மொத்த நீளம் சுமார் 663. ஏ.யூ.ஜி.யின் ஏ3 மாதிரியில் குழல் 407, மொத்தம் சுமார் 715. பாரம் தோளுக்குக் கிட்ட வந்துவிடும். மண்வெட்டியைக் காம்பின் நுனியில் பிடித்துத் தூக்குவதற்கும் இரும்புக்குக் கிட்டப் பிடித்துத் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

அந்த ஐந்து சென்றிமீற்றரைப் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள். தினமும் கையில் உறைப்பது ரவைக்கூடு மாற்றும் வேலை.

[திரையில்: ரவைக்கூடு மாற்றுதல், பக்கவாட்டுக் காட்சி]

எக்ஸ்95 இஸ்ரேலின் ஐ.டபிள்யூ.ஐ. நிறுவனத் தயாரிப்பு. அமெரிக்காவில் பரவலான ஏ.ஆர்-15 துவக்கின் ரவைக்கூடே இதற்கும் பொருந்தும், எங்கும் கிடைக்கும். விடுவிக்கும் பொத்தான் பிடிக்கு மேலே, சுட்டுவிரல் எட்டும் இடத்தில். புதிய கூட்டைத் தள்ளி ஏற்றும் அதே கையின் பெருவிரல், கூட்டுக்குப் பின்னால் இருக்கும் போல்ட் (ரவையை அறைக்குள் தள்ளிப் பூட்டும் பாகம்) விடுவிப்பையும் அழுத்திவிடும். ஒரே அசைவு.

ஏ.யூ.ஜி.யை ஆஸ்திரிய இராணுவம் 1977இல் ஏற்றது. அதன் ரவைக்கூடு அதற்கே உரியது. உள்ளே எத்தனை ரவை மிச்சம் என்று வெளியிலிருந்தே தெரியும் பிளாஸ்டிக். 30, 42 ரவை அளவுகளில் உண்டு. உறுதியில் குறை சொல்ல முடியாது, ஆனால் தேடி வாங்க வேண்டும். கடைசி ரவை போனதும் போல்ட் பின்னால் நிற்கும். புதிய கூடு ஏற்றிய பிறகு இடப்பக்கக் கைப்பிடியை இழுத்தால்தான் முன்னே போகும். நேட்டோ சோங்கு வகை வாங்கினால் ஏ.ஆர். கூடு போடலாம், பொத்தானும் உண்டு. ஆனால் அந்த வகைத் துவக்கை இடக்கைக்கு மாற்றவே முடியாது.

இடக்கைக்காரர் இதைக் கவனமாகக் கேளுங்கள். வெற்றுக் கோது கன்னத்துக்குப் பக்கத்தில்தான் வெளியேறும். வலப்பக்கம் கோது தள்ளும் துவக்கை இடத்தோளில் வைத்தால், சூடான பித்தளை முகத்திலேயே அடிக்கும். எக்ஸ்95, சாதாரண ஏ.யூ.ஜி. இரண்டுக்கும் இடக்கைப் போல்ட் தனியே வாங்கிப் போட்டு, வெளியேற்றும் துவாரத்தின் மூடியைப் பக்கம் மாற்ற வேண்டும். மூடி சரியாக அமராவிட்டால் வாயு கண்ணை எரிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் இவற்றைச் சுடவே கூடாது.

விசை இரண்டிலும் நேரடியாக இல்லை. நீண்ட கம்பி ஒன்று பின்னால் இருக்கும் சுத்தியலை விடுவிக்கிறது. அதனால் கொஞ்சம் இழுவையாக இருக்கும். எக்ஸ்95க்கு முந்தைய மாதிரியான டேவோரின் கனத்த விசையை எக்ஸ்95இல் நன்றாகவே இலகுவாக்கியிருக்கிறார்கள்.

[திரையில்: ஏ.யூ.ஜி. பாகம் பாகமாக]

கழற்றிச் சுத்தம் செய்வதில் எங்கள் வாக்கு ஏ.யூ.ஜி.க்கே. கூட்டை எடுத்து, அறை வெறுமையா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். கைப்பிடியை இழுத்து மேல் வெட்டில் மாட்டுங்கள். குழல் பூட்டை அழுத்தி, முன்பிடியால் திருப்பினால் குழல் முன்னே வரும். கைப்பிடியை முன்னே விட்டு, குறுக்குப் பொத்தானைத் தள்ளினால் உடற்பகுதி போல்டோடு வெளியே வரும். அடிக்கடி நடக்கும் பிழை, வாயுச் செருகியை, அதாவது பொறிக்குப் போகும் வாயுவின் அளவைச் சிறிய, பெரிய துளைகளால் கட்டுப்படுத்தும் பாகத்தை, கழற்றாமல் விடுவது. கரி இறுகி அது சிக்கிக்கொள்ளும். அதை ஒவ்வொரு சுத்தத்திலும் எடுத்துத் துடையுங்கள். சிறிய துளையிலேயே வைத்திருங்கள். பொறி முழுதாக ஓடாதபோது மட்டும் பெரியது.

எக்ஸ்95இல் பின் ஊசியைத் தள்ளி, தோள்தட்டைத் திறந்தால் போல்டும் பிஸ்டனும் ஒன்றாகவே வரும். விசைப்பெட்டி இரண்டு ஊசியில் கீழே இறங்கும்.

நுவரெலியாப் பனியில் பன்னிரண்டு போர் வைத்திருப்பவருக்குத் தெரிந்த சங்கதி இங்கும் பொருந்தும்: குளிரிலிருந்து சூடான அறைக்குள் கொண்டுவந்தால் இரும்பு வியர்க்கும். குழலின் உள்ளே குரோம் பூச்சு தாங்கும். ஊசி, சுருள், போல்ட் தாங்காது. பிளாஸ்டிக் சோங்கு அந்த ஈரத்தை மறைத்துவிடும்.

இலக்குக் கண்ணாடி குழலுக்கு மேல் ஆறு, ஏழு சென்றிமீற்றர் உயரத்தில் அமர்கிறது. அதனால் பத்து மீற்றரில் ரவை குறிக்குக் கீழேதான் படும். துவக்கில் பழுது என்று நினைத்துத் திருகை முறுக்காதீர்கள்.

கடைசியாக, ஏ.யூ.ஜி. குழலை மாட்டும்போது 'டக்' என்ற சத்தம் கேட்கும்வரை திருப்புங்கள். கேட்ட பிறகும் ஒருமுறை முன்னே இழுத்துப் பாருங்கள். அசைந்தால் ரவை ஏற்றாதீர்கள்.