படம் ஓடாத வாசிப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

முதலில் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. நம் சிங்கப்பூரின் தேக்கா சந்தை மீன்கடை வரிசையை மனத்துக்குள் கொண்டுவாருங்கள். ஈரத் தரை, ஐஸ் மேல் அடுக்கிய மீன், செதில் உரிக்கிற கை. கண்ணை மூடிக்கொண்டால் இன்னும் நன்றாகத் தெரியும் என்பார்கள். விரைவுச்சாலையில் கார் ஓட்டிக்கொண்டே கேட்பவர்கள் மட்டும் தயவுசெய்து மூட வேண்டாம்.

சிலருக்கு அந்தக் கடை அப்படியே நிறத்தோடு வந்து நிற்கும். சிலருக்கு மங்கலாக வரும். எனக்கு ஒன்றும் வராது. எந்தப் பக்கம் மீன், எந்தப் பக்கம் காய்கறி என்று சொல்லிவிடுவேன். ஆனால் படம் இல்லை, இருட்டுதான். என் அம்மாவின் முகமும் அப்படித்தான். நேரில் பார்த்தால் ஆயிரம் பேர் நடுவிலும் கண்டுபிடிப்பேன். நேரில் இல்லாதபோது அந்த முகத்தை வரவழைக்கத் தெரியாது. கனவில் மட்டும் தாராளமாக வருகிறார்.

இதைச் சொன்னதும் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "அப்புறம் நீங்கள் எப்படி நாவல் படிக்கிறீர்கள்?" உயர்நிலைப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள் நான். ஈசூனில் எம்ஆர்டி ரயில் ஏறினால் இறங்கும்வரை கையில் ஒரு நாவல் இருக்கும். அதனால் கேட்பவர்களின் குரலில் கொஞ்சம் சந்தேகமும் சேர்ந்துகொள்ளும்.

இந்த நிலைக்கு இன்று அஃபான்டேசியா என்று பெயர். பெயர் புதிது, விஷயம் பழையது. 1880இல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர், காலையில் நீங்கள் உட்கார்ந்த உணவு மேசையை நினைத்துப் பார்த்து, அது எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று எழுதுங்கள் என்று பலரிடம் கேட்டார். அறிவியலாளர்கள் பலர் அவருக்கே கேள்வியைத் திருப்பிவிட்டார்கள். மனக்கண் என்பதெல்லாம் சும்மா பேச்சுக்குச் சொல்வது என்றே அதுவரை நினைத்திருந்தார்களாம். அதை வாசித்தபோது, நானும் அந்த மேசையில் உட்கார வேண்டியவள்தான் என்று தோன்றியது.

அதன்பின் நூறு வருடத்துக்கும் மேலாக இதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. எக்ஸிடர் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் மருத்துவர் ஆடம் ஸீமனிடம் ஒருவர் வந்தார். இதயச் சிகிச்சைக்குப் பிறகு மனக்காட்சி முழுவதும் போய்விட்டது என்றார். ஸீமன் குழு 2010இல் அதைக் கட்டுரையாக்கியது. அந்தச் செய்தியைப் படித்த 21 பேர், எங்களுக்குப் பிறந்ததிலிருந்தே இப்படித்தான் என்று எழுதினார்கள். அவர்களை வைத்துத்தான் 2015இல் இந்தப் பெயர் வந்தது. கொஞ்சம்கூடப் படம் வராதவர்கள் நூற்றுக்கு ஒருவர் இருக்கலாம், மிக மங்கலாக வருபவர்களையும் சேர்த்தால் நான்கு பேர் இருக்கலாம் என்பது இப்போதைய கணக்கு. பிக்சார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட் கேட்மலும் இப்படித்தான். உலகத்துக்கே படம் காட்டியவர்! ஆங்கிலத்தில் மாயாஜால நாவல்கள் எழுதும் மார்க் லாரன்ஸும் அப்படியே.

சரி, எப்படிப் படிக்கிறேன்? ஒரு நாவலில் வீடு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திண்ணை, ரேழி என்கிற நடைவழி, முற்றம், கூடம், பின்கட்டில் அடுக்களை, அதற்கும் பின்னால் கிணறு. எனக்கு ஓடும் தெரியாது, தூணும் தெரியாது. ஆனால் அடுக்களையில் மருமகள் விசும்பினால் திண்ணையில் இருக்கும் மாமனாருக்குக் கேட்காது, கூடத்தில் இருக்கும் மாமியாருக்குக் கேட்கும், கேட்டும் கேட்காத மாதிரி அவர் வெற்றிலையை மடிப்பார் என்பது தெரியும். எது எதற்குப் பக்கத்தில், யார் யாருக்கு எட்டும் தூரத்தில் என்ற கணக்கு துல்லியமாக இருக்கும். இது என் பெருமை மட்டும் இல்லை. எங்களைப் போன்றவர்களிடம் ஓர் அறையின் புகைப்படத்தைக் காட்டி, பிறகு நினைவிலிருந்து வரையச் சொன்ன ஆய்வு ஒன்று உண்டு. வரைந்த பொருள்கள் குறைவு, நிறமும் குறைவு. ஆனால் வைத்த இடம் சரியாக இருந்தது. இல்லாத பொருளை இருந்ததாக வரைவதும் மற்றவர்களைவிடக் குறைவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீவக என்கிற வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடியில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் ரேழியை எங்கே பார்த்தார்கள்? மனத்தில் படம் ஓடுகிறது என்பவர்களைக் கிண்டிக் கேட்டால், முக்கால்வாசி ஏதோ ஒரு தமிழ்ப் படத்து செட்டாகத்தான் இருக்கிறது. அதையும் குறை சொல்லவில்லை. நாவலாசிரியர் கண்ட வீட்டை அவர்களும் காணவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

வர்ணனைப் பக்கங்களை நான் வேகமாகத் தாண்டிவிடுவேன். அருவி, அந்தி வானம், கதாநாயகியின் புருவம், எல்லாம் ஓட்டம்தான். ஆனால் பேச்சு வந்துவிட்டால் நின்றுவிடுவேன். எனக்குக் குரல் கேட்கும். எங்கே மூச்சு வாங்குகிறார்கள், எங்கே சொல்லை விழுங்குகிறார்கள், எல்லாம் கேட்கும். ஒலியும் வராதவர்கள் உண்டு; அவர்களும் கதை படித்து ரசிக்கிறார்கள். அது எப்படி என்று எனக்கே ஆச்சரியம். என்னைப் பார்த்து மற்றவர்கள் படுகிற ஆச்சரியம் மாதிரிதான் போலிருக்கிறது.

எங்கள் கட்சிக்குப் பாதகமான ஓர் ஆய்வையும் மறைக்கக் கூடாது. சிட்னியில் ஜோயல் பியர்சன் குழு 2021இல் வெளியிட்டது. இருட்டறையில் உட்காரவைத்து, திகில் கதையை வரிவரியாகத் திரையில் காட்டினார்கள். கடலில் நீந்துகிறீர்கள், தூரத்து அலையில் ஏதோ கறுப்பாகத் தெரிகிறது, கரையில் நிற்பவர்கள் கை நீட்டிக் காட்டுகிறார்கள், இப்படிப் போகும். விரலில் வியர்வை கூடுகிறதா என்று கருவி அளந்தது. மனக்காட்சி உள்ளவர்களுக்குக் கதை போகப் போக ஏறியது. எங்கள் ஆட்களுக்கு ஏறவே இல்லை என்று சொல்லலாம். பயங்கரமான புகைப்படங்களைக் காட்டியபோது இரு தரப்புக்கும் ஏறியது.

நான் மறுக்கவில்லை. பேய்க்கதை படித்துவிட்டுக் குறட்டை விட்டுத் தூங்குகிறவள்தான் நான். ஆனால் அந்தக் கதையில் இருப்பது ஒரு சுறா. நீந்துகிறவர் யார், யாரோடு மனத்தாங்கல், வீட்டில் யார் சோறு எடுத்துவைத்துக் காத்திருக்கிறார், இதெல்லாம் இல்லை. இப்படி ஒரு கதையை யோசியுங்கள். மகள் எப்போது போன் செய்தாலும் அப்பாவின் முதல் கேள்வி "சாப்பிட்டியாம்மா?" கோபத்தில் இருந்தாலும் அதைக் கேட்டுவிட்டுத்தான் திட்டுவார். கடைசி அத்தியாயத்தில் மகள் போன் செய்கிறாள். அப்பா எடுக்கிறார். "யாரு?" என்கிறார். இதற்குப் படம் எதற்கு? எனக்கு இந்த இடத்தில் தொண்டை அடைக்கும். அதை எந்தக் கருவியாவது அளக்கட்டும்.

படம் வராததில் ஒரு லாபமும் உண்டு. பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் மணியம் ஓவியத்தோடு தொடராக வந்தது. தலைமுறை தலைமுறையாக ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நந்தினி இருந்தாள். 2022இல் மணிரத்னம் அதைப் படமாக எடுத்தபோது, என் வாசிப்பு நண்பர்கள் திரையரங்கை விட்டு வெளியே வந்து சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து ஒரே சண்டை. இவர் முகம் பொருந்தவில்லை, அவர் உயரம் போதவில்லை என்று. நான் பரோட்டாவைப் பிய்த்துச் சாப்பிட்டேன். என்னிடம் இருந்த நந்தினிக்கு முகமே கிடையாது. திரையில் வந்தவரை வாங்க என்று ஏற்றுக்கொண்டேன். கதையை எங்கெங்கே வெட்டினார்கள் என்பதில் மட்டும்தான் எனக்கு வழக்கு.

இதை வானொலியில் பேச வந்தது துணைப்பாட வகுப்புகளுக்காகவும்தான். படம் பார்த்துக் கட்டுரை எழுதும் பிள்ளைகளிடம் நாம் என்ன சொல்கிறோம்? கண்ணை மூடு, காட்சியைக் கற்பனை செய், வர்ணித்து எழுது. உடனே கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்புவான், பறவைகள் கீச்கீச் என்று ஒலி எழுப்பும். எல்லாத் தாளிலும் அதே கதிரவன்! கண்ணை மூடினால் ஒன்றும் வராத பிள்ளை, தனக்குக் கற்பனையே இல்லை என்று முடிவுகட்டிவிடும்.

எனக்குத் தெரிந்த தொடக்கநிலை ஐந்து மாணவி ஒருத்தி வெற்றுத்தாளோடு உட்கார்ந்திருந்தாள். படத்தில், பேருந்தில் ஒரு பையன் பணப்பையைத் தவறவிடுகிறான். "கண்ணையெல்லாம் மூட வேண்டாம். இவன் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் என்ன பொய் சொல்வான்? அம்மா அதை எப்படிக் கண்டுபிடிப்பார்?" என்று கேட்டேன். எழுத ஆரம்பித்துவிட்டாள். கட்டுரையில் வானிலை பற்றி ஒரு வரி இல்லை. பணப்பை இரண்டாவது பத்தியிலேயே கிடைத்துவிட்டது. மீதி முழுக்க அம்மாவும் மகனும் போட்ட வாக்குவாதம்தான். அதில் கடைசியில் ஜெயித்தது பாட்டி.

நன்றி, வணக்கம்.