பாசியை யார் கட்டுப்படுத்துகிறார்கள்?

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் வண்ண மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ‘டேங்க் கிளீனர்’ மீனைத் தெரிந்திருக்கும். அடிப்பக்கம் வாய், உடம்பெல்லாம் எலும்புத் தகடு. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும். இந்தக் குடும்பத்து மீன்களின் சொந்த ஊர் தென் அமெரிக்காவும் மத்திய அமெரிக்காவும். அங்குள்ள ஓடைகளில் இவை செய்கிற வேலையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பனாமாவில் ரியோ ஃப்ரிஹோலெஸ் என்று ஒரு காட்டு ஓடை. அமெரிக்கச் சூழலியலாளர் மேரி பவர் அங்கே செய்த ஆய்வுகள் 1980களில் வெளிவந்தன. அந்த ஓடையில் சில மடுக்களில் நல்ல வெயில் விழும், சில மடுக்கள் மர நிழலில் இருண்டு கிடக்கும். வெயில் பட்டால் பாசி வேகமாக வளரும். அப்படியானால் வெயில் மடுவின் கற்களில் பாசி திட்டுத்திட்டாக மண்டிக் கிடக்க வேண்டும் அல்லவா? இல்லை. இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி மெல்லிய படலம்தான். பாசி எங்கே வேகமாக வளர்கிறதோ அங்கே அதற்கேற்ப மீனும் கூடுதலாகச் சேர்ந்து மேய்ந்துவிடுகிறது. ஆடுகள் தினமும் மேய்கிற தரிசில் புல்லின் உயரத்தைப் பார்த்து மண்ணின் வளத்தைச் சொல்ல முடியுமா? அந்தக் கதைதான் இது.

ஆனால் ஒரு இடம் விதிவிலக்கு. கரையோரம், சுமார் 20 சென்டிமீட்டருக்கும் ஆழம் குறைந்த தண்ணீரில், பாசி ஒரு பச்சைப் பட்டையாகத் தடித்து நிற்கும். மழையில்லாத மாதங்களில் மீனுக்குத் தீனி பற்றாக்குறை. அப்போதும் பெரிய மீன்கள் அந்தப் பக்கம் போவதில்லை. காரணம் கொக்கும் மீன்கொத்தியும். பசியா உயிரா என்று வந்தால், பசியைப் பொறுத்துக்கொள்கின்றன! ஆக, அந்தப் பச்சைப் பட்டையைக் காப்பாற்றுவது ஒருவகையில் பறவைகள்தான்.

சரி, தண்ணீரில் உள்ள சத்துக்கு இதில் பங்கே இல்லையா? இருக்கிறது. வெனிசுவேலாவில் ஆண்டீஸ் மலையடிவாரத்தில் ரியோ லாஸ் மாரியாஸ் என்ற ஓடை. சூழலியலாளர் அலெக்சாண்டர் ஃப்ளெக்கர் குழுவினர் அங்கே இதைச் சோதித்தார்கள். இந்த மாதிரிச் சோதனைக்கு ஒரு எளிய வழி உண்டு. தழைச்சத்தையோ, மணிச்சத்து எனும் பாஸ்பரஸையோ அகர் கூழில் கலந்து ஒரு கலத்தில் அடைத்து ஓடையில் வைப்பார்கள். சத்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், கலத்தின் மேல் பாசி பிடிக்கும். மீன் அண்டாமல் சிலவற்றைக் கூண்டுக்குள் வைத்துவிட்டால் இரண்டையும் ஒப்பிடலாம். லாஸ் மாரியாஸில் குறையாக இருந்தது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். அதைக் கொடுத்தால் பாசி கூடியது. ஆனால் மேய்கிற மீனால் வந்த மாற்றம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

மீன் தின்பதோடு நிறுத்துவதும் இல்லை. தின்றதில் ஒரு பங்கு நைட்ரஜனைச் செவுள் வழியாக அம்மோனியாவாகத் தண்ணீருக்கே திருப்பித் தருகிறது. மேய்கிற வாயே உரமும் போடுகிறது. மணிச்சத்தில் மட்டும் கவச மீன்கள் கொஞ்சம் கருமி: அந்த எலும்புத் தகடுகளைக் கட்ட அது நிறைய வேண்டும், அதனால் வெளியே விடுவது குறைவு.

அதே லாஸ் மாரியாஸில் கொபோரோ என்று இன்னொரு மீன். இதற்குக் கவசம் கிடையாது. கற்கள் மேல் படியும் வண்டலையும் மட்கையும் உறிஞ்சித் தின்கிற, வலசை போகிற மீன். மக்கள் விரும்பிச் சாப்பிடுவதால் வலைக்கு நிறைய இரையாகிறது. இது இல்லாமல் போனால் என்ன ஆகும்? ஆய்வாளர்கள் 210 மீட்டர் நீளத்துக்கு ஓடையின் நடுவே பிளாஸ்டிக் தடுப்புக் கட்டி, ஒரு பக்கத்தில் மட்டும் கொபோரோவை அகற்றிப் பார்த்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது, ஓடையை வகிடு எடுத்த மாதிரி! மீன் இல்லாத பக்கத்தில் வண்டலும் மட்கும் அடியில் அப்படியே தங்கின, கீழே அடித்துச் செல்லப்படும் கரிமப் பொருள் குறைந்தது. வேறு பல மீனினங்கள் அங்கே இருந்தும் இந்த ஒன்றின் இடத்தை நிரப்ப முடியவில்லை. 2006இல் இந்த முடிவு வெளியானது.

அப்புறம், நம் டேங்க் கிளீனருக்கு வருவோம். மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில் சகமாக்ஸ் என்ற ஆறு. அங்கே இந்த மீன் சொந்த மீன் அல்ல, வெளியிலிருந்து வந்து பெருகியது. ஏற்கெனவே மணிச்சத்து குறைவான ஆறு அது. இருக்கிற மணிச்சத்தில் கணிசமான பங்கு இப்போது இந்த மீன்களின் உடம்பிலேயே அடைபட்டுக் கிடக்கிறது. மீன்கள் கூட்டமாகத் தங்கும் இடங்களிலோ அவை கழிக்கும் நைட்ரஜன் குவிகிறது. தொட்டிக்குப் பெரிதாகிவிட்டது என்று நம்மூரிலும் இவற்றை ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள், வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

வணக்கம்.