கூடை நிறைந்தவள் குனிய மாட்டாள்

நேயர்களுக்கு வணக்கம். எழுதுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்து உட்காருவதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் பெரிய எழுத்தாளன் இல்லை. தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் 31 வருஷம் கணக்கப்பிள்ளையாக இருந்தவன். செக்ரோல் என்கிற பேர்ப் பதிவுப் புத்தகம் எழுதிய கை சும்மா இருக்க மாட்டேன் என்றதால், ஓய்வுபெற்ற பிறகு கதை எழுத ஆரம்பித்தேன்.

முதலில் நாங்கள் மூன்று பேர். நான், ஓர் ஆசிரியர் தம்பி, தபால் கந்தோரில் வேலை செய்யும் ஒரு பிள்ளை. மாதாமாதம் போயா தினத்தில், அதாவது பௌர்ணமியன்று, கூடுவது என்று வைத்துக்கொண்டோம். போயா என்றால் எல்லாருக்கும் லீவு, நாள் மறந்துபோகாது. நிலவைப் பார்த்தாலே கொப்பியை எடுத்துவைக்க வேண்டும் என்ற நினைப்பு வந்துவிடும். தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து பார்த்தோம், சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் ஒரு முன்பள்ளி அறை கிடைத்தது. அங்கே இருப்பதெல்லாம் நாலு வயதுப் பிள்ளைகளின் கதிரைகள். என்னைப் போன்ற ஆள் அதில் உட்கார்ந்தால் முழங்கால் தாடைக்கு வந்துவிடும். அப்படி உட்கார்ந்துதான் இலக்கியம் பேசினோம்.

ஆறு மாதம் வரைக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை. ஏனென்றால், ஒருவர் வாசித்து முடித்ததும் மற்றவர்கள் “நல்லாருக்கு” என்போம். அவ்வளவுதான். அந்தச் சொல்லைக் கேட்டவருக்கு வீட்டுக்குப் போகும்வரை சந்தோஷம், மறுநாள் கொப்பியைத் திறந்தால் என்ன செய்வதென்று தெரியாது. கொழுந்து நிறுக்கும்போது “நல்ல பாரம்” என்று சொல்லிவிட்டு எத்தனை கிலோ என்று எழுதாமல் விட்டால் எப்படி இருக்கும்? சண்டைக்கு வந்துவிட மாட்டார்களா?

சரி, இது மாறியது எப்படி என்று சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் நான் வந்தேன்.

அந்தத் தபால் கந்தோர்ப் பிள்ளையின் அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். போயா அன்றைக்குப் பின்னேர பஸ்ஸை நம்ப முடியாது, மகளைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் துணைக்கு வருவார். மூலையில் பாயை விரித்து உட்கார்ந்திருப்பார். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றே எங்களுக்குத் தோன்றியதில்லை.

ஒருநாள் நான் ஒரு கதை வாசித்தேன். கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன பையன் எழுதிய கடிதத்தை ஒரு பிள்ளை இடுப்பில் செருகி வைத்திருக்கிறாள். கூடை நிறையக் கொழுந்தோடு மலையிலிருந்து இறங்கும்போது கடிதம் விழுந்துவிடுகிறது. அவள் சட்டென்று குனிந்து எடுத்துக் கிழித்துப் போடுகிறாள். ஆசிரியர் தம்பி வழக்கம்போல “நல்லாருக்கு” என்றார்.

மூலையிலிருந்து குரல் வந்தது. “கணக்கப்பிள்ளை ஐயா, ஒண்ணு கேக்கட்டுமா? அந்தப் பிள்ளை எப்படிக் குனிஞ்சுச்சு?”

“குனிஞ்சுதான் எடுத்துச்சு. அதுக்கென்ன?”

“கூடை நிறைஞ்சிருக்கில்ல? குனிஞ்சா கொழுந்து பூரா தலைக்கு மேலால கொட்டிப் போகும். முதுகை நிமித்திக்கிட்டு முட்டியை மடக்கி உக்காந்துதான் எடுப்போம். ஏலாட்டி பக்கத்து நிரைப் பிள்ளைய எடுத்துத் தரச் சொல்லுவோம்.”

எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. 31 வருஷம் மலையில் நின்றவன் நான். எத்தனை ஆயிரம் கூடைகளை நிறுத்திருப்பேன்! ஈரம் என்று சொல்லிக் கிலோ கழித்திருக்கிறேன், முற்றல் இலை கிடக்கிறது என்று இந்த அம்மாவிடமே குறை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அவர் என் கூடையைக் கொட்டிப் பார்த்துவிட்டார். அடுத்த இரண்டு போயாவுக்கும் நான் போகவில்லை.

வீட்டில் ஒரு பழைய கூடை கிடந்தது. யாரும் பார்க்காத நேரம் சருகை அள்ளி நிரப்பி, கயிற்றைத் தலையில் மாட்டிக் குனிந்து பார்த்தேன். சட்டை, தலை, வாய் எல்லாம் சருகு. என் வீட்டுக்காரி கதவில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் கதையைத் திருத்தினேன். குனிய முடியாது, உட்கார நேரமில்லை, கங்காணி கத்துகிறார். பக்கத்து நிரைப் பிள்ளைதான் கடிதத்தை எடுத்துக் கொடுக்கிறாள். எடுத்தவள் கையெழுத்தைப் பார்த்துவிடுகிறாள். அது அவளுக்கும் தெரிந்த கையெழுத்து! பாருங்கள், நான் ஒரு மாதம் யோசித்தும் வராத கதை, ஒரு முழங்கால் மடங்கியதில் வந்துவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், உங்கள் குழுவில் எழுதாத ஆள் ஒருவராவது இருக்க வேண்டும். எழுதுகிறவர்கள் வசனத்தைப் பார்ப்பார்கள். அந்த அம்மா கூடையைப் பார்த்தார்.

அன்றிலிருந்து “நல்லாருக்கு” என்பதற்குத் தடை. எந்த இடத்தில் நல்லாருக்கு, எந்த இடத்தில் கவனம் கலைந்தது, இரண்டையும் சொல்ல வேண்டும். வாசித்தவர் எல்லாரும் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் கஷ்டம். “நான் என்ன நினைச்சேன்னா” என்று ஆரம்பித்துவிடுவோம். நினைத்தது கதையில் இல்லையென்றால் நினைத்து என்ன பயன்?

ஆனால் நாங்கள் ஒரு தப்பும் செய்தோம். பதினெட்டு வயதுத் தம்பி ஒருவர் முதன்முதலாகக் கவிதை கொண்டுவந்தார். புதுப் பழக்கத்தின் உற்சாகத்தில் ஆளுக்கு ஆள் குறை சொன்னோம். கொப்பியை மடித்துப் பையில் வைத்தார், பிளேன்ரீ குடித்தார், போனார். பிறகு வரவே இல்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்திருப்பீர்கள், வெறும் குச்சியாக நிற்கும். உயரமான தோட்டங்களில் நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவைதான் வெட்டுவார்கள், அதன்பிறகு சில மாதம் அதில் கொழுந்து கிடையாது. கன்றாக இருக்கிற செடியில் போய் அந்த வெட்டு வெட்டுவார்களா? தெரிந்த தொழிலை மறந்து நின்றேன். இப்போது முதல்தடவை வாசிக்கிறவருக்கு ஒரே ஒரு திருத்தம்தான் சொல்கிறோம். அதுவும் அவர் கேட்டால்.

அந்த அம்மா என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அவருக்கு எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். ஒப்பாரி ஒன்று சொன்னார், அவருடைய அம்மாயி பாடியதாம், இரண்டு வரியை இவர் மாற்றிப் பாடுகிறார். ஏன் மாற்றினீர்கள் என்றால், “அது எங்க லயத்து வீட்டு ஆளுகளுக்குப் பொருந்தல” என்கிறார். சி. வி. வேலுப்பிள்ளை ஐயா, மடக்கும்புரவில் பிறந்தவர், 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர், இப்படிப்பட்ட பாட்டுகளைத்தான் கேட்டுக் கேட்டுச் சேர்த்தார். எழுத்தே தெரியாமல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து பாட்டைத் திருத்திக்கொண்டவர்கள் நம்முடைய ஆட்கள். குழு என்பது நமக்குப் புதுசு இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். பத்திரிகைக்கு அனுப்புவதைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக, அனுப்பும் முன் ஒரு பிரதி கையில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வராது. குழுவில் ஆறு பேருக்கு மேல் வேண்டாம், எல்லாருக்கும் முறை வராது. முன்பள்ளி அறையில் கூடுவதாக இருந்தால் வீட்டிலிருந்தே ஒரு பாய் கொண்டுபோங்கள். வணக்கம்.